ரெட்டியார்பட்டி ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்: தெருக்கள் எப்படி?

மனை வாங்குகிறவர்கள் எழுதும் விமர்சனத்தில் சென்ட் என்ன விலை, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்று எல்லாம் இருக்கும். தெருவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பெருமாள்புரம், மகாராஜநகர், என்ஜிஓ காலனி, வி.எம். சத்திரம், கே.டி.சி. நகர் என்று பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள நகர்களுக்குள் காலையும் மாலையும் நுழைந்து வெளியே வருவதுதான் என் பிழைப்பு. எந்த லேஅவுட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் தெருவைத்தான் அளக்கும்.

ரெட்டியார்பட்டி ரோட்டுப் பக்கம் ஆறு ஏக்கரில் போட்ட ஒரு லேஅவுட்டில் ஐந்து சென்ட் வாங்கி, வீடு கட்டிக் குடியிருக்கிறேன். அதே புரோமோட்டர் இப்போது பக்கத்து நிலத்தில் இரண்டாம் பகுதி விற்கிறார். வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோரே நாலைந்து பேர் என்னிடம் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நகர் பெயரும் புரோமோட்டர் பெயரும் போடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி எந்த நகருக்கும் ஒன்றுதான்.

காகிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று சொல்லி விற்ற காலம் ஒன்று இருந்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போட்டால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி, வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உள்ளாட்சி இறுதி அனுமதி தர முடியும். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டபோது நம் நெல்லை மாவட்டத்தில் எத்தனை பேர் முடங்கிப்போனார்கள் என்று ஞாபகம் இருக்கும். பிறகு 2017-ல், அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு அதில் வழி பிறந்தது. ஆனால் வரன்முறை செய்தால் பத்திரம்தான் சரியாகும். 12 அடியில் போட்ட தெரு 12 அடியாகவேதான் கிடக்கும். பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

எங்கள் லேஅவுட் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி வாங்கியது. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரெரா எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அந்த எண்ணை வைத்து ரெரா தளத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்தேன். புரோக்கர் கையில் இருந்த கலர் நோட்டீசில் எல்லாத் தெருவும் ஒரே அகலமாகத் தெரிந்தது. அனுமதி வரைபடத்தில் மூன்று அகலம்: நடுவில் 12 மீட்டர், குறுக்கே 9 மீட்டர், சின்னத் தெருக்கள் 7.2 மீட்டர். தெரு எவ்வளவு நீளம், அதை நம்பி எத்தனை மனை என்பதைப் பொறுத்துத்தான் அகலம் கூடும். நோட்டீசை நம்பி மனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு தெருவையும் மூன்று இடத்தில் அளந்தேன். அங்கே ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எல்லாரும் மனையைத்தான் அளப்பாவ. நீங்க என்ன ரோட்ட அளக்கிய?"

"நாளைக்கு நான்தானப்பா இதுக்குள்ள வண்டியத் திருப்பணும்" என்றேன்.

அளவு சரியாக இருந்தது. இங்கே ஒரு விஷயம்: விதி மீட்டரில் இருக்கிறது, நம் பேச்சு அடியில் இருக்கிறது. 9 மீட்டர் என்பது 29 அடி ஆறு அங்குலம். 7.2 மீட்டர் என்பது 23 அடி ஏழு அங்குலம். "முப்பது அடின்னு சொல்லி ஆறு அங்குலம் திருடிட்டான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். சண்டை போட வேண்டிய இடம் வேறு.

அந்த 30 அடி என்பது மனை எல்லைக்கல்லுக்கும் எதிர் மனை எல்லைக்கல்லுக்கும் நடுவில் உள்ள மொத்த அகலம். வண்டி ஓடும் சிமெண்ட் தளம் எங்கள் குறுக்குத் தெருக்களில் 16 அடிதான். மீதியில் ஒரு பக்கம் தண்ணீர் வடிய வாறுகால், அதை ஒட்டி ஈபி போஸ்ட், பிறகு சரள் மண். 23 அடித் தெருவில் தளம் 12 அடி. இது தப்பில்லை, ஓரம் இருந்தால்தான் கால்நடையாகப் போகிறவர்களுக்கு இடம், மரம் வைக்க இடம், நாளைக்குக் குடிநீர்க் குழாய் பதிக்க இடம். ஆனால் அந்த ஓரம் தெருவுக்குச் சொந்தம் என்று வீடு கட்டுகிறவர்கள் நினைக்க வேண்டும். எங்கள் தெருவில் முதல் வீடு கட்டியவர் கேட்டுக்கு முன்னால் நாலடி ராம்ப் இறக்கினார். எதிர்வீட்டுக்காரர் செம்பருத்தியும் அரளியும் வைத்துக் கம்பி வலை கட்டினார். இப்போது ஒரு கார் நின்றால் என் வேன் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் போகிறது. 12 அடித் தளம் உள்ள தெருவில் கார் நின்றால் நான் உள்ளே போவதே இல்லை. பிள்ளைகள் முனைக்கு நடந்து வருகிறார்கள்.

முனைகளுக்கு இந்த புரோமோட்டரை மனதாரப் பாராட்டுவேன். இரண்டு தெரு சேருமிடத்தில் மூலை மனையின் கூர்முனையைச் சாய்வாக வெட்டி அந்த முக்கோணத்தைத் தெருவுக்கு விட வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் இதை முனைவெட்டு என்கிறோம், ஆபீசில் ஸ்ப்ளே என்பார்கள். எங்கள் லேஅவுட்டில் எல்லா மூலையிலும் பத்தடிக்குப் பத்தடி வெட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் இருப்பது தரையிலும் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது. முனை வெட்டாத தெருவில் வலதுபக்கமிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை, வேனின் மூக்கு வெளியே வந்த பிறகுதான் என் கண்ணில் படும். முனை வெட்டிய தெருவில் நாலைந்து வினாடி முன்பே தெரிந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைப் பாருங்கள். ஆனித் தேர் நாலு மூலையும் திரும்பி நிலைக்கு வர வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் மூலைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எது திரும்ப வேண்டுமோ அதை வைத்து மூலையை முடிவு செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

மூலை மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தில் வரும் சதுர அடியில் அந்த முக்கோணம் கழிந்திருக்க வேண்டும். கழிக்காமல் விலை போட்டிருந்தால் தெருவுக்குப் போன இடத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். எங்கள் இரண்டாம் தெரு மூலையில் ஒருவர் காம்பவுண்டு சுவரைக் கூர்முனை வரை இழுக்க அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். நாங்கள் நாலு பேர் வரைபடத்தோடு போய்ப் பேசினோம். நல்ல மனிதர், கொத்தனாரைக் கூப்பிட்டுச் சாய்த்துக் கட்டச் சொல்லிவிட்டார்.

முட்டுத் தெரு ஒன்று உண்டு. கடைசியில் வட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள். அதில் வேன் ஒரே வீச்சில் திரும்புகிறது. 2022-லிருந்து பள்ளி வண்டிகளுக்கு கேமராவும் பின்னால் சென்சாரும் கட்டாயம். மாட்டியிருக்கிறோம், நல்லது. ஆனால் ரிவர்ஸே எடுக்க வேண்டாத தெருவுக்கு எந்த சென்சாரும் ஈடில்லை. பிள்ளையை இறக்கிவிட்ட இடத்திலேயே வண்டியைப் பின்னால் எடுப்பதுதான் எங்கள் தொழிலில் நெஞ்சு படபடக்கும் வேலை. தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் இதே கணக்குதான். மனை பார்க்கப் போகும்போது தெரு முட்டி நிற்குமிடத்தில் இந்த வட்டம் இருக்கிறதா, அதற்குள் யாராவது கல் நட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அகலத்துக்கும் முனைக்கும் இந்த வட்டத்துக்கும் சேர்த்துப் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

அந்த ஒரு மார்க் போனது வடக்குத் தெருவில். 30 அடி ரோடு நேராகப் போய் வடக்கு எல்லையில் நிற்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகர். அவர்கள் ரோடும் அதே நேர்கோட்டில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு அடி அகலத்துக்கு ஒரு கீற்று நிலம், அதில் முள்கம்பி. அந்த ஒரு அடியை மட்டும் புரோமோட்டர் தன் பேரில் வைத்திருக்கிறார். கேட்டால், "அவங்க ஆளு வந்து பேசட்டும் அண்ணாச்சி, பாதை சும்மாவா?" என்கிறார்கள். அந்த நகரிலிருந்து என் வேனுக்கு மூன்று பிள்ளைகள். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையை ஏற்ற மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுற்றி வருகிறேன். ரோடு பக்கத்து நிலத்தோடு இணைய வேண்டும் என்பதற்காகத்தான் எல்லை வரைக்கும் போடச் சொல்கிறார்கள். இரண்டாம் பகுதி வாங்குகிறவர்கள் வரைபடத்தில் ரோடு எல்லையைத் தொடுகிறதா, ஒரு நூல் தள்ளி நிற்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

நுழைவாயிலில் ஆர்ச்சும் கேட்டும் இருக்கின்றன. "கேட்டட் கம்யூனிட்டி" என்று சொல்லி விற்றார்கள். இது நடக்காது. லேஅவுட் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி அனுமதி. எழுதிக் கொடுத்த தெரு பொதுத் தெரு. அதைப் பூட்ட யாருக்கும் உரிமையில்லை. அதே காரணத்தால் அதைப் பராமரிக்கச் சொல்லி ஊராட்சியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எனக்கு கேட்டை விட இந்த உரிமை பெரிது. தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பூங்கா இடமும் அப்படித்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. எங்கள் ஆறு ஏக்கர், அதாவது 600 சென்ட்டில், ரோடு 180. மீதி 420-க்கு 42 சென்ட் பூங்கா. அளவு சரி, ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. இப்போதைக்குச் சீமைக்கருவேலம் வளர்ந்து கிடக்கிறது.

இனி நான் மனம் நொந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி நம் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் சிந்துபூந்துறையும் வண்ணார்பேட்டையும் தாமிரபரணி வெள்ளத்தில் நின்றன. எங்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. மேலே இருக்கும் குளம் பெருகி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறி மறுகால் விழுந்தது. மறுகால் ஓடை எங்கள் லேஅவுட்டின் தென்மேற்கு மூலையை உரசிக்கொண்டு போகிறது. புலப்படத்தில், அதாவது நில அளவைத் துறையின் சர்வே வரைபடத்தில், அந்த ஓடை தெளிவாக இருக்கிறது. அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோமோட்டர் ஓடையை மூடவில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் ரோடு கடக்குமிடத்தில் இரண்டு குழாயைப் போட்டு மேலே மண் நிரப்பிவிட்டார். ஒவ்வொரு குழாயும் இரண்டடி விட்டம். மறுகாலில் மிதந்து வந்த அமலை என்கிற நீர்ச்செடி முழுவதும் அந்த இரண்டு வாயிலும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ரோட்டு மேலேறி மூன்றாம் தெருவுக்குள் வந்தது. முழங்காலுக்கு மேல் நின்றது. அந்தத் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்தோம்.

மழை விட்டது. மற்ற தெருக்கள் வடிந்தன. மூன்றாம் தெரு மட்டும் வடியவில்லை. வாறுகால் இருக்கிறதே, ஏன் வடியவில்லை என்று என் மைத்துனரை அழைத்து வந்தேன். அவர் கொத்தனார். லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவின் கிழக்குக் கோடியில் நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவர் கட்டம் கட்டமாக மேற்கே நகர்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் வாறுகால் சுவரில் கரிக்கோடு. கடைசிக் கோட்டுக்கு வந்ததும் குனிந்து டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, தண்ணி போற வாய் நாலு அங்குலம் ஒசரமா இருக்கு. இது எப்படி வடியும்?" என்றார். தண்ணீர் மேற்கே ஓட வேண்டிய வாறுகால் கிழக்கே சாய்ந்திருக்கிறது. ரோட்டுத் தளமும் சமதளமாகவே ஊற்றப்பட்டிருக்கிறது. நடுவில் லேசாக மேடு இருந்து இரண்டு ஓரத்துக்கும் சாய வேண்டும். 16 அடி சிமெண்ட் ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டு அங்குல வித்தியாசமாவது வேண்டும். இங்கே அரை அங்குலம்கூட இல்லை.

வரைபடத்தில் எல்லாமே சரி. அகலம் சரி, முனை சரி, பூங்கா சரி. வரைபடம் மேலிருந்து பார்ப்பது. அதில் ஏற்ற இறக்கம் தெரியாது. எதை அந்தத் தாளில் அளந்துவிடலாமோ அதையெல்லாம் புரோமோட்டர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். தாளில் அளக்க முடியாததை விட்டுவிட்டார். நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்றில் நிலத்தை இரண்டடி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் முன்வரிசையை உயர்த்தினார்கள். பின்னால் மூன்றாம் தெரு பழைய வயல் மட்டத்திலேயே கிடக்கிறது. கேட்டபோது, "ரோடுதான் ஊராட்சிக்குக் குடுத்தாச்சே, இனி அவங்க பாத்துக்கிடணும்" என்று பதில்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மூன்றாம் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் அஸ்திவாரத்தை நாலடி தூக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு உயர்ந்தால் ராம்ப் நீளும். ராம்ப் நீண்டால் தெரு குறுகும். வாறுகாலுக்கு மேலே ராம்பைக் கட்டிவிட்டதால் உள்ளே கையை விட்டுத் தூர் வாரவும் முடியவில்லை. இன்னொரு மழை வந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த தெருவுக்குத்தான் போகும். தெருவை முதலிலேயே ஒழுங்கான மட்டத்தில் போட்டிருந்தால் இந்தச் செலவு ஒரு வீட்டுக்கும் வந்திருக்காது. வடிகாலுக்குப் பத்துக்கு மூன்றுதான். அந்த மூன்றும் ஓடையை மூடாமல் விட்டதற்கு.

இரண்டாம் பகுதி பார்க்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் புரோக்கர் சொல்லாததைத் தெருவே சொல்லும். கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாறுகாலின் இரண்டு முனையிலும் லெவல் பார்க்கச் சொல்லுங்கள். அரைநாள் கூலிதான். நீர்வளத் துறைச் சான்றின் நகலைக் கேளுங்கள், அதில் நிபந்தனைப் பகுதியை வாசியுங்கள். தர மாட்டேன் என்றால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் பகுதியில் மறுவிற்பனைக்கு வரும் மனைகளில் முதல் தெருவும் முட்டுத் தெருவும் நல்லவை. தைரியமாக வாங்கலாம். மூன்றாம் தெருவில் விலை குறைவாகச் சொல்வார்கள். குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிப் பாலம் கட்டும் வரை அங்கே வாங்க வேண்டாம்.

பாலத்துக்கும் வாறுகாலை மாற்றிக் கட்டுவதற்கும் சேர்த்து ஒரே மனுவாக எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்கிறோம். லெவல் எடுத்த கணக்கும் புலப்பட நகலும் மனுவோடு இணைக்கிறோம். இங்கே மனை வாங்கிப் போட்டுவிட்டுச் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் மனைக்காரர்கள் உங்கள் பத்திரத்தின் முதல் பக்க நகலைச் சொந்தக்காரர்கள் மூலம் கொடுத்தனுப்புங்கள். எத்தனை மனைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஊராட்சிக்குத் தெரிய வேண்டும்.